ஜெர்மன் பாட்டில் நம்ம ஊர் மாரியாத்தா

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறான்னு நீங்க நினைச்சாலும் பரவாயில்லை. ஐரோப்பாவில் ஒரு பெண் பியானோ பக்கத்துல நின்னு ஜெர்மன் மொழியில் பாடுற ஒரு பாட்டுக்குள்ள, எங்க மரக்காணம் உப்பளத்து ஊர்கள்ல ஆடி மாசம் கூழ் ஊத்துற அதே மாரியம்மன் கதை இருக்கு. அது அங்க எப்படிப் போச்சு, போற வழியில என்ன ஆச்சுங்கிறது தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தப் பாட்டு வகையைப் பத்திக் கொஞ்சம். ஜெர்மன்ல 'லீட்'னு சொல்வாங்க, பன்மையில் 'லீடர்'. அர்த்தம் வெறும் 'பாட்டு' தான். ஒரு கவிஞர் எழுதின கவிதைக்கு ஒருத்தர் மெட்டுப் போடுவார். மேடையில் ஒரே ஒரு குரல், ஒரே ஒரு பியானோ, அவ்வளவுதான். நம்ம கச்சேரித் தம்புரா மாதிரி பியானோ பின்னால சுருதி மட்டும் பிடிக்காது. காத்து, குதிரை, ஆறு எல்லாத்தையும் அதுதான் வாசிச்சுக் காட்டும். ஷூபெர்ட் மட்டும் இந்த மாதிரி 600-க்கு மேல போட்டிருக்கார். பாடுறவங்க குரலுக்குத் தக்கபடி கட்டையை ஏத்தி இறக்கிக்கலாம். அதனால உச்சத்துல பாடுற சோப்ரானோவுக்கும் அடிக்குரல் கான்ட்ரால்டோவுக்கும் நடுவுல இருக்கிற மெஸ்ஸோ சோப்ரானோ பாடகிகளுக்கு இந்த வகை ரொம்பத் தோதானது.

கதை சொல்ற லீட்களில் பெரிய கை கார்ல் லோவே (1796–1869). ஸ்டெட்டின் நகரத்துல சர்ச் ஆர்கன் வாசிச்சுக்கிட்டு, தானே பியானோ வாசிச்சுத் தானே பாடினவர். 1836-ல் அவர் மெட்டுப் போட்ட மூணு பாட்டுத் தொகுப்போட பேர் 'பாரியா'. ஆமாங்க, நம்ம 'பறையர்'ங்கிற சொல் தான். ஒரு மக்களோட பேரை எடுத்துட்டுப் போய், 'ஒதுக்கப்பட்டவன்'ங்கிறதுக்கு ஐரோப்பா பொதுச்சொல்லா ஆக்கிக்கிச்சு. அந்தப் பாட்டுகளோட வரிகள் 'ஃபாஸ்ட்' எழுதின கோதேயுடையது, 1824-ல் வெளியானது.

கோதே இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அப்புறம் கதை எப்படிக் கிடைச்சது? இங்கதான் நம்ம கடற்கரை வருது. பியர் சொனரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர், இயற்கை ஆராய்ச்சியாளர். மரக்காணத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்துல இருக்கிற பாண்டிச்சேரியில் தங்கி, செடி, பறவை, கோயில், சாமின்னு கண்டதையும் கேட்டதையும் குறிச்சு 1782-ல் பாரிசில் புத்தகமாப் போட்டார். மறு வருஷமே ஜெர்மன் மொழிபெயர்ப்பு வந்துடுச்சு. அதுல 'மரியாதலெ' கதை இருக்கு. ஜமதக்கினி, பரசுராமன் எல்லாரும் இருக்காங்க. இந்தக் கருவை நாற்பது வருஷமா மனசுல வெச்சிருந்தேன்னு கோதே பிற்காலத்துல சொல்லியிருக்கார்.

கதை உங்களுக்குத் தெரிஞ்சது தான். கற்போட சக்தியால பச்சை மணலைக் குடமாக்கித் தண்ணி கொண்டு வருவாள் ரேணுகா. சொனரா சொன்ன கதையிலயும் கோதேயிலயும் குடமே கிடையாது, தண்ணியே அவள் கையில் உருண்டையாத் திரளும். (உப்பளத்துல தண்ணி கெட்டியாகக் கற்பெல்லாம் வேண்டாம், வெயிலும் வேலை செய்யுற பாதமும் போதும். :-)) ஒரு நாள் தண்ணியில் கந்தர்வன் நிழலைப் பார்க்கிறாள், மனசு ஒரு நொடி ஆடுது, தண்ணி திரளலை. புருஷன் கோபத்துல தலை போகுது. மகன் வந்து தலையை ஒட்ட வைக்கிறப்போ உடம்பு மாறிப் போகுது. பிராமணத் தலை, பறையர் பெண்ணோட உடம்பு.

அந்த இன்னொரு பெண் யார்? நான் எழுத வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சென்னை பிஷப்பா இருந்த ஹென்றி வைட்ஹெட் 1916-ல் தென்னிந்திய கிராம தெய்வங்களைப் பத்திப் போட்ட புத்தகத்துல இந்தக் கதையைப் பதிவு பண்ணியிருக்கார். அதுல ரேணுகா ஒரு பறையர் பெண்ணைப் போய்க் கட்டிப் பிடிச்சுக்கிறாள். அவளும் விலகலை. வெட்டு விழுந்ததுல ரெண்டு தலையும் சேர்ந்து உருளுது. அதாவது அடைக்கலம் கொடுத்த பாவத்துக்குச் செத்தவள். தலை மாறி எழுந்ததுல ஒருத்தி மாரியம்மன், இன்னொருத்தி எல்லம்மன்.

சொனரா எழுதினதுல அந்த அடைக்கலமே இல்லை. குற்றம் செஞ்சு மரண தண்டனை வாங்கின ஒரு பெண்ணோட உடம்பு கிடந்தது, அதுல ஒட்டினாங்கன்னு போகுது. கோதேயும் 'குற்றவாளி'ன்னே எழுதிட்டார். லோவே அதுக்கே மெட்டுப் போட்டார். ஒரு கதைக்குப் பல வடிவம் இருக்கும், சொனராவுக்குச் சொன்னவங்க அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனா எந்த வடிவம் கப்பலேறிச்சுன்னு பாருங்க.

கோதே மேல கோபப்பட்டு விட்டுடவும் முடியலை. முதல் பாட்டு ஒரு பறையரோட பிரார்த்தனை: எல்லாரையும் படைச்ச பிரம்மாவே, நாங்களும் உன் பிள்ளைகள் தானே? கடைசிப் பாட்டு நன்றி. நடுப்பாட்டுல எழுந்து நிக்கிற அம்மன், கீழே இருக்கிறவங்களுக்காக பிரம்மாகிட்டயே போய்ப் பேசுவேன்கிறாள். சாந்தமாவும் சொல்வேன், ஆவேசமாவும் கத்துவேன்னு. ஒரே பாடகி கதை சொல்லி, புருஷன், மகன், அம்மன்னு எல்லாமா மாறணும். நம்ம வில்லுப்பாட்டுக்காரருக்கு இது புதுசில்லை. கேட்க ஆசைப்படுறவங்களுக்கு: பியானோ கலைஞர் கார்ட் கார்பன், பல பாடகர்களோட சேர்ந்து லோவே பாடல்களை 21 குறுந்தகடுகளாப் பதிவு பண்ணியிருக்கார்.

நம்ம பக்கம் என்ன நடக்குது? வட மாவட்டக் கோயில்கள் பலதுல கருவறையில் சிரசு மட்டும் இருக்கும். குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் வருஷா வருஷம் வைகாசி ஒண்ணாம் தேதி சிரசு ஊர்வலமா வந்து ஒரு உடம்புல பொருத்தப்படுது. அந்த உடம்புக்கு வழக்கத்துல இருக்கிற பேர் 'சண்டாளச்சி உடல்'. லட்சக்கணக்கில் ஜனம் கும்பிடுது, பேர் மட்டும் வசவாவே நிக்குது. வெய்மர்ல 'குற்றவாளி', இங்க 'சண்டாளச்சி'.

தலைக்கு ரேணுகான்னு பேர் இருக்கு, வம்சம் இருக்கு, புராணம் இருக்கு. ஓடி வந்தவளைத் தள்ளி விடாம அணைச்சுக்கிட்டவளுக்கு ஜெர்மன்லயும் பேர் வைக்கலை, தமிழ்லயும் நான் பார்த்த வரைக்கும் இல்லை. கூழ் குடிக்கிற நாம அவளையும் ஒரு தடவை நினைச்சுக்கலாம்.

உங்க ஊர்ல பாட்டிமார் சொல்ற கதையில அவளுக்குப் பேர் இருந்தா பின்னூட்டத்துல அவசியம் எழுதுங்க. எனக்கு உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும்.