கற்பூர மரத்திலிருந்து தோள்பட்டை வரை

சமவெளியில் அது தைல மரம். ஊட்டிப் பக்கம் கற்பூர மரம். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து வைத்த பெயராகத்தான் இருக்கவேண்டும். முற்றிய இலை அரிவாள்போல வளைந்திருக்கும். வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அத்தனையும் எண்ணெய்ப் பைகள். நெல்லியாளம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்ணின் தோளில் ராத்திரி தேய்க்கும் தைலம் அந்தப் புள்ளிகளில்தான் பிறக்கிறது.

மரத்துக்கு நீலகிரி பிறந்த ஊர் கிடையாது. அதன் சொந்த மண் ஆஸ்திரேலியாவின் தென்கோடி, முக்கியமாக டாஸ்மேனியா. 1843இல் கேப்டன் காட்டன் என்ற ராணுவப் பொறியாளர் இங்கே கொண்டுவந்து நட்டார். அப்போது யாரும் தைலத்தை நினைக்கவில்லை. கவலையெல்லாம் விறகைப் பற்றி. குளிர்காயவும் சமைக்கவும் சோலைக்காட்டை வெட்டிக்கொண்டே போனவர்களுக்கு மளமளவென்று வளரும் மரம் ஒன்று வேண்டியிருந்தது. பிற்பாடு தேயிலை ஃபேக்டரிகளின் அடுப்புகளும் அதையே தின்றன. இந்த மரத்தை நட்டு நட்டு மலையின் புல்வெளிகளும் நிறையப் பறிபோயின. அந்தப் பெரிய நஷ்டத்தில் மலைக்குக் கிடைத்த சில்லறை லாபம் என்றுதான் தைலத்தைச் சொல்வேன்.

காய்ச்சும் முறை எளிது. உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளிக் கொப்பரையில் திணித்து, தண்ணீர் விட்டு, மூடியைக் காற்றுப் போகாமல் அடைத்து, கீழே தீ மூட்டுவார்கள். நீராவி இலைக்குள் புகுந்து எண்ணெயைக் கிளப்பிக்கொண்டு குழாய் வழியே வரும். குழாயைத் தண்ணீரில் குளிரவைத்தால் ஆவி சொட்டுச் சொட்டாக இறங்கும். நீர் அடியில் தங்க, தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ கிடைத்தால் பெரிது. அதில் பாதிக்கு மேல் சினியோல் என்னும் பொருள். மூக்கைத் திறக்கும் அந்த வாசனை அதனுடையது.

பாட்டிலில் அடைபட்ட தைலம் ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரர்களின் பைகளில் ஊர் ஊராகப் போகிறது. மேற்கே போகும் பாட்டில் நடுவட்டம் வளைவுகளில் இறங்கி, கூடலூர், நாடுகாணி, தேவாலா வழியாகப் பந்தலூர்ப் பக்கம் வந்து சேரும். மழை கொட்டித் தீர்க்கும் சீமை இது.

இதே மலைக்கு இன்னொரு பயணமும் வந்து முடிந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க, தமிழக வனத்துறை 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1976 முதல் அவற்றை நடத்துவது டான்டீ என்ற அரசு நிறுவனம். அதன் கோட்டங்களில் நெல்லியாளமும் ஒன்று. பெட்டி படுக்கையோடு அவர்கள் கொண்டுவந்தது கொழுந்து கிள்ளப் பழகிய விரல்களும் அந்த வேலைக்கே வளைந்துபோன தோள்களும்.

நாள் முழுக்கத் தலை குனிந்திருக்கும்; கை இரண்டும் செடிக்கு மேலே நீண்டிருக்கும். முதுகில் பை கனத்துக்கொண்டே போகும். கழுத்திலிருந்து தோள் வரை விரிந்த சதைக்கு ஓய்வே இல்லை. சாயங்காலம் விரல் வைத்துப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்று உருளும். அழுத்தினால் வலி காதுக்குப் பின்னால் போய்க் குத்தும். நம் ஊரில் இதற்கு ‘வாயுப் பிடிப்பு’ என்று பெயர். வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பிடிப்பு என்ற சொல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

அமெரிக்க டாக்டர் ஜேனட் டிராவெல் இந்த முடிச்சுகளின் பின்னாலேயே ஆயுளைக் கழித்தவர். அதிபர் கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, வெள்ளை மாளிகை மருத்துவரும் ஆனார். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய பெரிய கையேடு 1983இல் வந்தது. ஓயாமல் வேலை செய்யும் சதையில் சில இழைகள் மட்டும் சுருங்கியபடியே நின்றுவிடுகின்றன. சுருக்கம் ரத்தக் குழாயை நெருக்க, விரிவதற்கான சக்தி கிடைக்காமல் இழை மேலும் இறுகுகிறது என்பது அந்த வழியில் வந்த விளக்கம். எல்லா மருத்துவர்களும் இதை ஒப்புவதில்லை. ஒரே தோளை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தால் முடிச்சு இருக்கும் இடத்தை இரண்டு விதமாகச் சொல்வதும் உண்டு. வலிக்கிறது என்பதில் மட்டும் சண்டை இல்லை.

இனி தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குள் போவோம். அம்மா முதுகு காட்டி உட்கார, மகள் தைலத்தைத் தேங்காயெண்ணெயில் கலந்து உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்க்கிறாள்.

“இங்கயாம்மா?”

“இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அதான். மெதுவா.”

கட்டைவிரல் அங்கேயே நிற்கிறது. தாங்கக்கூடிய வலி வரும்வரை அழுத்தி, அரை நிமிஷம் அப்படியே வைத்திருந்தால் இறுக்கம் கொஞ்சம் தளரும். பிறகு சதை ஓடும் வாக்கில் நீவி, கழுத்தை மறுபக்கம் மெல்லச் சாய்த்து இழுத்துவிட வேண்டும். சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர்; தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். முதுகெலும்பின் மேல் அழுத்தக்கூடாது. கை மரத்துப்போனாலோ, நெஞ்சுவலி இடது கைக்கு இறங்கினாலோ தைலத்தை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும். இன்னொன்று: கைக்குழந்தை மூக்கில் இந்தத் தைலத்தைத் தடவவே கூடாது. விழுங்கிவிட்டால் சில மில்லியே குழந்தைக்கு வலிப்பு வரப் போதும்.

பாட்டிலுக்குப் போய்ச் சேரும் புகழில் பாதி விரலுக்கு உரியது. தைலம் தோலில் உள்ள குளிர்ச்சி உணரும் நரம்பு நுனிகளைச் சீண்டி, வலியின் குரலைக் கொஞ்ச நேரம் அமுக்குகிறது. உள்ளே இறுகியதை அதுவாகப் போய்க் கரைப்பதில்லை. நீவியதால் வரும் சுகமும் பெரும்பாலும் அடுத்த நாள் கொழுந்து நிறுக்கும்வரைதான்.

இப்போது பல மலைகளில் விரலால் கிள்ளுவது குறைந்து கத்தரி வந்துவிட்டது. பெட்டி பொருத்திய கத்தரியை வெட்டி வெட்டி வீசுவதில் முன்கையும் முழங்கையும் புதிதாக இறுகுகின்றன. மகள் அதே பாட்டிலைத்தான் எடுக்கிறாள். தோளை முடித்ததும் அம்மா வலது முழங்கையை நீட்டுகிறாள்.