சர்க்கரை உறை போட்ட கிருமி

கிரிஃபித்தோட எலிச் சோதனையை ஸ்கூல்ல டி.என்.ஏ. கதையாத்தான் படிச்சேன். ஆனா லண்டன்ல அவர் ஆராய்ந்தது நிமோனியாவை.

நிமோகாக்கஸ் பாக்டீரியா மேல ஒரு சர்க்கரை உறை இருக்கும். நம்ம வெள்ளணுக்களால அதை லேசுல விழுங்க முடியாது. உறை இல்லாத வகையை எலிக்குப் போட்டா ஒண்ணும் ஆகாது. கிரிஃபித் சூடாக்கிக் கொன்ன உறைக் கிருமியையும், உயிருள்ள உறையில்லாத கிருமியையும் சேர்த்துப் போட்டார். எலி செத்துப்போச்சு. ரத்தத்துல உயிரோட இருந்தது உறை போட்ட கிருமி! இதை அவர் வெளியிட்டது 1928-ல்.

அந்த உறை சர்க்கரைன்னு 1923-லயே நியூயார்க்கில் ஹைடல்பெர்கரும் ஏவரியும் காட்டியிருந்தாங்க. வகைக்கு வகை சர்க்கரை வேற. ஒண்ணுக்கு உருவான ஆன்டிபாடி இன்னொண்ணை பெரும்பாலும் அடையாளம் காணாது.

1944-ல் ஏவரி குழு விடை சொன்னது: உறை செய்யுற திறனைக் கடத்தினது டி.என்.ஏ. செத்தவன் எழுதின கோடை உயிரோட இருக்கறவன் காப்பி பண்ணிட்டான், அவ்வளவுதான். கிரிஃபித்துக்கு இது தெரியாமலே போச்சு. 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இறந்துட்டார்.

இன்னைக்கு 100-க்கும் மேற்பட்ட உறை வகைகள் தெரியும். குழந்தைகளுக்கான நிமோகாக்கல் தடுப்பூசியில இருக்கறது அதுல சிலதுதான். அந்த வகைகள் குறைஞ்ச இடத்துல, ஊசியில இல்லாத வகைகள் இப்போ தலைதூக்குது.