ஆக்கியோனின் சத்தியமும் உடைமையாளரின் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழில் வடிவமைப்புகளைச் சர்வதேச ரீதியாகப் பதிவுசெய்வதற்கான ஹேக் ஒப்பந்தம் 1925ஆம் ஆண்டு உருவானது. அதன் ஜெனீவாச் சட்டம் 1999இல் நிறைவேற்றப்பட்டது. ஒரே விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளிற் பாதுகாப்புக் கோர அது வழிசெய்கின்றது. 2015இல் இம்முறைமையில் இணைந்த அமெரிக்க ஐக்கிய நாடுகள், தன்னைக் குறிப்பிடும் விண்ணப்பத்துடன், வடிவத்தை ஆக்கியோர் தாமே அதன் மூலகர்த்தா என நம்புவதாகப் பிரகடனஞ் செய்து ஒப்பமிடல் வேண்டுமென விதித்துள்ளது. வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றும் இவ்விதியின் பின்னணியில், உழைப்புக்கும் உடைமைக்குமிடையிலான நீண்ட முரண்பாடொன்றை நாம் காண்கிறோம்.

பிரித்தானியாவில் துணி அச்சுக் கோலங்களுக்குப் பாதுகாப்பளித்த 1787ஆம் ஆண்டுச் சட்டம், கோலத்தை ஆக்கியவரை மாத்திரமன்றி, ஆக்குவித்தவரையும் உரிமையாளராக ஏற்றது. அமெரிக்காவோ 1793ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஆக்கியோனின் சத்தியத்தைக் கோரியது. 1842இல் வடிவமைப்புகளும் அந்த ஆக்கவுரிமை முறைமையினுட் கொண்டுவரப்பட்டன.

ஆயின் சத்தியஞ் செய்யும் தகுதி யாருக்கு இருந்தது? மிசிசிப்பியில் நெட் என்னும் அடிமை பருத்திப் பயிர்ச்செய்கைக்கான கருவியொன்றை ஆக்கினார். அடிமையின் கையுழைப்பைப் போன்றே அவரது அறிவுழைப்பின் பயனும் எசமானுக்கே உரியதென வாதிட்டு, அவரின் எசமான் ஸ்ருவேட் 1857இல் ஆக்கவுரிமை கோரினார். அடிமை பிரசையல்லர், ஆதலாற் சட்டம் வேண்டிய சத்தியத்தை அவர் செய்யவியலாது. எசமானோ ஆக்கியோனல்லர். எனவே அடிமையின் ஆக்கத்துக்கு ஆக்கவுரிமை வழங்கவியலாதென, ஆணையாளரின் முடிவை ஏற்றுச் சட்டமா அதிபர் பிளக் 1858இல் அபிப்பிராயம் வழங்கினார். 1861இல் பிரிந்துசென்ற தென் மாநிலங்கள், ஆக்கியவர் தம் அடிமையே என எசமான் சத்தியஞ் செய்து தாமே உரிமை பெறலாமெனச் சட்டமியற்றின.

இவ்விரு நிலைகளும் ஒருங்கே உணர்த்துவது யாது? சத்தியம் என்னும் நிபந்தனை நெட்டுக்கு நீதி வழங்கவில்லை. எனினும் அவரின் ஆக்கம் எசமானின் ஆக்கவுரிமையாவதைத் தடுத்தது. அந்நிபந்தனை எசமானுக்குச் சாதகமாகத் தளர்த்தப்பட்டதும் அத்தடையும் நீங்கிற்று.

2011இல் நிறைவேறி 2012இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டத்திருத்தம், நிறுவனமே விண்ணப்பதாரியாக இருப்பதை அனுமதித்தது. ஆக்கியோர் இறந்தாலோ, ஒப்பமிட மறுத்தாலோ, பதிற்கூற்றொன்று போதுமானது. எனினும் ஆக்கியோரின் பெயர் குறிக்கப்படல் வேண்டும். இன்று கூலிக்கு உழைக்கும் வடிவமைப்பாளரின் பெயர் பத்திரத்தில் நிற்க, உரிமை பெரும்பாலும் நிறுவனத்தைச் சேர்கிறது. பெயர் குறிக்கப்படுதல் உழைப்பின் பயனை உழைத்தவருக்கு ஈட்டித் தராது. ஆயினும் யார் உழைத்தார் என்பதை உடைமையாளர் மறைத்துவிடாதிருக்க அது துணைசெய்கிறது. இவ்விதியின் பெறுமதியையும் எல்லையையும் நாம் இவ்வாறே மதிப்பிடுதல் பொருந்தும்.