தைராய்டின் இரண்டு கதைகள்: உப்பும் மாத்திரையும்

இந்த முறை வரலாறு. ராஜா, ராணி, போர் எல்லாம் இல்லை, பயப்படாதீர்கள். வெள்ளையாகக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒரு மாத்திரையின் வரலாறு.

நம்ம பட்டாபிராமில் எந்த மருந்துக்கடையிலும் தைராய்டு மாத்திரை என்பது இப்போது புதிய பெயரே இல்லை. சென்னை உட்பட 8 நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. அதாவது பத்துப் பேரில் ஒருவர்! இந்த மாத்திரையோடு இலவசமாக வருவது அறிவுரை. "முட்டைகோஸ் தொடாதே", "உப்பை மாத்து, சரியாப் போயிடும்", "ரிப்போர்ட் நார்மல்னா மாத்திரையை நிறுத்திடு". இதில் எது சரி, எது ஆபத்து என்று பார்க்க வரலாறு உதவும். ஏனென்றால் தைராய்டுக்கு ஒரு கதை இல்லை, இரண்டு கதை. நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

முதல் கதை: மாத்திரை

கழுத்தில் இருக்கும் இந்தச் சுரப்பி எதற்கு என்றே 19-ம் நூற்றாண்டில் பலருக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் கழுத்துக் கழலைக்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்துவந்தார். அப்படி எடுத்தவர்களில் பலர் பிறகு மந்தமாகி, உடல் ஊதிப் போனதை 1883-ல் அவரே எழுதினார். இல்லாமல் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது!

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, சுரப்பு நின்றுபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். சில மாதங்களில் அவர் தேறினார். அடுத்த ஆண்டே ஊசி தேவையில்லை, வாயால் சாப்பிட்டாலும் வேலை செய்யும் என்று தெரிந்தது. ஒரு மருத்துவர் ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்து ஜாமுடன் சாப்பிடச் சொன்னாராம்! மர்ரேயின் நோயாளி அதன்பின் 28 வருடம் வாழ்ந்து 1919-ல் இறந்தார். அத்தனை வருடத்துக்கும் அவருக்குத் தேவைப்பட்ட ஆடுகள் 870-க்கு மேல். கவனியுங்கள், அவர் "குணமாகி" மருந்தை நிறுத்தவில்லை. 28 வருடமும் எடுத்துக்கொண்டார்.

1914 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் அந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். பெயர் தைராக்சின். சுமார் 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இன்றைய 100 மைக்ரோகிராம் மாத்திரையாகச் செய்தால் அது 3 லட்சத்து 30 ஆயிரம் மாத்திரை! 1927-ல் ஹாரிங்டன், பார்ஜர் இருவரும் ஆய்வுக்கூடத்திலேயே தைராக்சினைத் தயாரித்தார்கள். ஆடும் பன்றியும் மெல்ல மெல்லத் தப்பித்தன.

இரண்டாவது கதை: உப்பு

தைராய்டுக்குள் அயோடின் இருப்பதை 1895-ல் ஜெர்மனியின் பாமன் கண்டுபிடித்தார். தைராக்சின் செய்ய மூலப்பொருளே அதுதான். மலைப் பகுதி மண்ணில் அயோடின் மழையில் கரைந்து போய்விடும், அதனால்தான் இமயமலை அடிவாரத்தில் கழுத்துக் கழலை அதிகம்.

இந்தியாவில் இதை ஆராய்ந்தவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. ஆந்திராவில் பிறந்தவர், நம்ம குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1956-ல் தொடங்கிய ஆய்வில் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று மண்டலமாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்தார்கள். சில வருடங்களில் அயோடின் உப்பு சாப்பிட்ட இரண்டு மண்டலங்களிலும் கழலை நன்றாகக் குறைந்தது. பிறகு மூன்றாவதுக்கும் கொடுத்தார்கள். 1962-ல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. அயோடின் கலக்காத சமையல் உப்பை விற்கக் கூடாது என்ற தடை 2000-ல் நீக்கப்பட்டு, 2006-ல் மறுபடி வந்தது.

இங்கேதான் நமக்கு ஒரு குட்டு. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த மாநிலம் நாம். தூத்துக்குடியும் வேதாரண்யமும் நம்முடையவை. அரசின் உப்பு நிறுவனமே வாலிநோக்கத்தில் 1974 முதல் இருக்கிறது. ஆனால் 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். கடைசி இடம்! காரணங்களில் ஒன்று, நமக்குப் பிடித்த கல் உப்பு. தெருவில் மூட்டையோடு வண்டியில் வரும் கல் உப்பில் பெரும்பாலும் அயோடின் கலந்திருக்காது. "கடல் உப்புதானே, அயோடின் இருக்காதா?" என்று கேட்பீர்கள். கடல் நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிக மிகக் குறைவு.

எங்கே குழப்பம்?

இனி இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காங்ராவில் சுரப்பி நன்றாக இருந்தது, மூலப்பொருள் இல்லை. அதனால் உப்பு போதுமானது. ஆனால் இன்று நகரங்களில் பலருக்குப் பிரச்சினை வேறு. 1912-ல் ஜப்பானின் ஹாஷிமோட்டோ விவரித்த நோய் அது. உடலின் எதிர்ப்பு சக்தியே தன் சுரப்பியைத் தாக்குகிறது. அடுப்பு உடைந்த வீட்டில் அரிசி மூட்டையை இறக்கி என்ன பயன்? இவர்கள் அயோடின் மாத்திரை, கடல்பாசி என்று அளவுக்கு மீறிச் சேர்த்தால் சில நேரம் நிலைமை மோசமாகும். மர்ரேயின் நோயாளியைப் போல வெளியிலிருந்துதான் ஹார்மோன் வர வேண்டும்.

மாத்திரைக்குப் பழகப் பொறுமையும் வேண்டும். தைராக்சின் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதனால்தான் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டாக்டர் மறுபடி டிஎஸ்எச் பார்க்கிறார். பத்து நாளில் "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று நிறுத்துவது அவசரம். ரிப்போர்ட் நார்மல் என்றால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், தேவையில்லை என்று அர்த்தம் இல்லை.

சாப்பாட்டின் பங்கு என்ன? மாத்திரைக்குப் பதிலாக இல்லை, அதற்குத் துணையாக. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி, இட்லி. காபியோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். வேகவைத்த முட்டைகோஸ் அளவோடு சாப்பிட்டால் பயமில்லை. முட்டை, மீன், பருப்பு, கீரை என்று வழக்கமான நல்ல சாப்பாடு போதும். வீட்டில் அயோடின் உப்பை மூடி வைத்து, கொதி அடங்கும்போது சேர்த்தால் இன்னும் நல்லது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கர்ப்பகாலத்தில் இந்த ஹார்மோன் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். மாத்திரை சாப்பிடும் அக்கா, அண்ணி யாராவது கர்ப்பமானால் அன்றே டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், அளவு பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். 870 ஆடுகள் தேவைப்பட்ட இடத்தில் இன்று தினம் ஒரு சின்ன மாத்திரை. அதை யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தாமல் இருப்போம்!