சிதைந்த படத்தில் ஒரு முகம்: டிஜிற்றல் தூரிகைகளைச் செய்வதும் பாவிப்பதும்

மே மாதம் நெருங்க நெருங்க எனக்கு வேலை கூடிவிடும். நினைவேந்தலில் வைக்க, வீட்டுச் சுவரில் மாட்ட, திவசத்துக்கு அச்சடிக்க என்று பழைய படங்களைக் கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படமாக இருக்கும். சில வேளை ஷொப்பிங் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்ததில் ஈரம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிய கலியாணப் படங்கள் வரும். யாரோ ஒருவரின் பிறந்தநாள் குழுப்படத்தின் மூலையில், மற்றவரின் தோளுக்குப் பின்னால் தெரியும் பாதி முகமும் வந்திருக்கிறது. வேறு படம் இல்லை என்பார்கள். இவற்றை ஸ்கான் செய்து, கீறல்களை அகற்றி, அழிந்துபோன இடங்களைக் கணினியில் வரைந்து நிரப்புவதுதான் என் தொழில்.

பழக வரும் பிள்ளைகள் முதல் நாளே கேட்பது, "எந்த பிரஷ் பாவிக்கிறீங்கள் அண்ணா?" என்பதைத்தான். இணையத்தில் ஆயிரக்கணக்கான தூரிகைகள் இலவசமாகவும் விலைக்கும் கிடைக்கின்றன. ஆனால் நம் வீட்டுப் படங்களுக்குப் பொருந்தும் தூரிகை அந்தப் பொதிகளில் அநேகமாக இருக்காது. அதை நாமே செய்ய வேண்டும். செய்வது அரை மணி நேர வேலை. அதற்கு முன்னர் டிஜிற்றல் தூரிகை எப்படி இயங்குகிறது என்பது விளங்க வேண்டும்.

அலுவலகங்களில் கடிதத்தின் மேல் குத்தும் றப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். கணினித் தூரிகையும் ஒரு முத்திரைதான். நாம் கோடு இழுக்கும்போது மென்பொருள் அந்த முத்திரையை வரிசையாக, மிக நெருக்கமாகக் குத்திக்கொண்டு போகிறது. நமக்கு அது ஒரே கோடாகத் தெரிகிறது. முத்திரையின் உருவத்தை முனை என்கிறோம். எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை குத்துவது, குத்தும்போது திருப்புவதா, சிதறவிடுவதா, பேனையை அழுத்தினால் என்ன மாறுவது என்பவை எல்லாம் அந்த முனைக்கு நாம் கொடுக்கும் கட்டளைகள். ஃபோட்டோஷொப், கிரித்தா, புரோகிரியேற் எல்லாவற்றிலும் அடிப்படை இதுதான்.

முதலில் இடைவெளி. ஃபோட்டோஷொப்பின் வழமையான வட்டத் தூரிகை 25 சதவீத இடைவெளியில் குத்தும். அதாவது முனையின் அகலத்தில் கால் பங்குக்கு ஒருமுறை. பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டின் ஓரம் மணிமாலை போல மேடும் பள்ளமுமாக இருக்கும். முகத்துக்கு இது ஆகாது. 5 முதல் 10 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். கிரித்தாவில் இதையே 0.05, 0.1 என்று எழுதுவார்கள். குறைக்கக் குறைக்கக் கணினி இழுபடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக, கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தை வரைய வேண்டுமென்றால் இடைவெளி 90 அல்லது 100 சதவீதம் வேண்டும். ஒரு பூவின் உருவத்தை முனையாக்கி, கை போகும் திசைக்கு அது திரும்பும்படி வைத்தால், ஒரே இழுவையில் சரம் வந்துவிடும். ஒரே பூ திரும்பத் திரும்ப வந்தால் அச்சுத் துணி போலத் தெரியும். ஆகவே வெவ்வேறான நான்கைந்து பூக்களை ஒரே முனையில் அடுக்கி, அவற்றில் ஒன்றைத் தற்செயலாக எடுக்கும்படி விடலாம். கிரித்தாவும் கிம்ப்பும் இதற்கு இடம் தருகின்றன.

அடுத்தது பலரையும் குழப்பும் இரண்டு சொற்கள்: ஒபாசிற்றி, ஃபுளோ. சுவருக்கு வெள்ளையடித்தவர்களுக்கு இது சுலபம். ஃபுளோ என்பது ஒவ்வொரு குத்தலிலும் விழும் சுண்ணாம்பின் அளவு. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் பட்டால் தடித்துக்கொண்டே போகும். ஒபாசிற்றி என்பது பேனையைத் தூக்காமல் எத்தனை தரம் தேய்த்தாலும் அந்த இழுவை தாண்ட முடியாத எல்லை. கன்னத்தின் நிழலைப் படிப்படியாக ஏற்ற, ஃபுளோவை 5 முதல் 10 சதவீதத்தில் வைத்து மெதுவாகக் கட்டுவதே என் வழக்கம்.

அழுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று விற்கும் சாதாரண வரைபலகைகளே 8192 அழுத்தப் படிகள் என்று பெட்டியில் எழுதி வருகின்றன. எனக்கு 2048 படிகள் கொண்ட பழைய பலகை இன்னும் போதுமாக இருக்கிறது. திரை இல்லாத சிறிய பலகை ஒன்றே இந்த வேலைக்குத் தாராளம். அதுவும் இல்லாமல் மௌஸில் வரைபவர்கள், கிரித்தாவில் தூரிகையின் அளவை அழுத்தத்துக்குப் பதிலாக வேகத்தோடோ இழுத்த தூரத்தோடோ இணைக்கலாம். அப்போது மௌஸின் கோடும் முடிவில் மெலியும். நுணுக்கமான முகவேலை அதில் கடினம், ஆனால் பின்னணி வேலைகளைச் செய்யலாம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கிரித்தாவைத்தான் சொல்வேன். அது திறந்த மூல மென்பொருள். அதன் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுவீடன் மொழியில் கிரித்தா என்றால் சுண்ணக்கட்டி. ஃபோட்டோஷொப்புக்கு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். திருட்டுப் பிரதியை ஏற்றி வைரசும் வாங்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.

படத்தின் மணலை எடுத்தல்

இனி முக்கியமான விடயம். பழைய படத்தில் அழிந்த ஒரு நெற்றியை மிருதுவான வட்டத் தூரிகையால் நிரப்பினால் என்ன நடக்கும்? நிறம் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இடம் மட்டும் பிளாஸ்ரிக் போலப் பளபளக்கும். காரணம், பிலிமில் எடுத்த படம் முழுவதும் நுண்ணிய மணல் போன்ற புள்ளிகளால் ஆனது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்ரூடியோக்கள் பாவித்த சில தாள்களில் தேன்கூடு போன்ற மேடுபள்ளமும் இருக்கிறது. ஸ்கானரில் அது தெளிவாக விழும். நாம் வரையும் இடத்திலும் அதே மணல் இல்லாவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே கண் அங்கே போய் நிற்கும்.

அந்த மணலை அதே படத்திலிருந்தே எடுக்கலாம். முதலில் நன்றாக ஸ்கான் செய்யுங்கள். 35 மில்லிமீற்றர் அகலமான அடையாள அட்டைப் படம் 1200 டிபிஐயில் சுமார் 1650 பிக்சல் அகலம் வரும். அதில் சேதமில்லாத, ஒரே சீரான பின்னணிப் பகுதி ஒன்றைத் தேடுங்கள். அநேகமாகத் தலைக்கு மேலே, ஸ்ரூடியோத் திரை தெரியும் இடத்தில் கிடைக்கும். 300 பிக்சல் சதுரமாக வெட்டிப் புதிய கோப்பில் ஒட்டி, நிறத்தை நீக்கி, கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். பின் டபிள்யூ விசையை அழுத்தினால், கிரித்தா அந்தச் சதுரத்தை நாலாபுறமும் தொடர்ந்து அடுக்கிக் காட்டும். சதுரங்கள் சந்திக்கும் இடத்தில் வெட்டுக்கோடு தெரிந்தால், அதை அங்கேயே தேய்த்து மறைக்கலாம். மறைந்த பின் அதைக் கோலமாக, அதாவது மென்பொருள் சொல்லும் பற்றேர்னாகச் சேமியுங்கள். பிறகு எஃப்5 விசையால் தூரிகை அமைப்பைத் திறந்து, ஒரு சாதாரண மிருதுவான தூரிகையின் ரெக்ஸ்சர் பகுதியில் அந்தக் கோலத்தைத் தெரிவு செய்யுங்கள். இப்போது அந்தத் தூரிகை நிறத்தோடு சேர்த்து அந்தப் படத்தின் மணலையும் பூசும். இன்னொருவரின் படத்துக்கு அது பொருந்தாது; அதற்கு மீண்டும் எடுக்க வேண்டும். ஆகவே நான் தூரிகைகளை வாடிக்கையாளரின் கோப்புறைக்குள்ளேயே வைப்பேன்.

சில படங்களில் 30 பிக்சல் சதுரம்கூடச் சேதமில்லாமல் இருக்காது. அப்போது புள்ளிகளைக் கையால் வரைவேன். வெள்ளைத் தாளில் கறுப்பாக, ஒன்றைப் போல் ஒன்று இராத பதினைந்து இருபது புள்ளிகள். ஓரத்தில் உள்ளவை மெல்லியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனையின் எல்லை தெரிந்துவிடும். தூரிகை அமைப்பில் முனைப் பகுதிக்குப் போய் ஸ்ராம்ப் பொத்தானை அழுத்தினால் அந்தப் படம் முனையாகிவிடும். சுழற்சியை ஒவ்வொரு குத்தலுக்கும் தற்செயலாக மாறும்படி விட்டு, சிறிது சிதறலும் குறைந்த ஃபுளோவும் கொடுத்துப் புதிய பெயரில் சேமியுங்கள்.

தலைமயிருக்குத் தனித் தூரிகை வேண்டும். 60 பிக்சல் அளவில், ஒரே வரிசையில் ஏழெட்டுப் புள்ளிகளைச் சீரற்று வையுங்கள். சில பெரிதாக, சில நெருக்கமாக. சுழற்சியைக் கை வரையும் திசையோடு இணைத்து, புள்ளி வரிசை எப்போதும் இழுவைக்குக் குறுக்காக நிற்கும்படி கோணத்தைச் சரிசெய்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிராக இழுபடும். அளவை அழுத்தத்தோடு இணைத்தால் நுனி கூராகும். நம் ஆட்களின் பழைய படங்களில் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலைதான் அதிகம். அதற்குத் தனித்தனி மயிரைக் காட்டுவதைவிட, முதலில் ஒரே கருமையாக நிரப்பி, ஒளி படும் மேட்டில் மட்டும் இந்தத் தூரிகையால் நாலைந்து இழுவை கொடுப்பது இயல்பாக வரும். மீசைக்கும் இதே தூரிகை, மூன்றில் ஒரு பங்கு அளவில்.

பின்னணியில் கிடுகு வேலியோ, பனை வடலியோ, சீமெந்துச் சுவரோ இருந்தால், வெளியே போய்க் கைத்தொலைபேசியில் படம் எடுத்து முனை செய்யலாம். நிழல் விழாத காலை வெளிச்சம் நல்லது. இதை விவரிக்க அதிகமில்லை, முறை மேலே சொன்னதுதான்.

எத்தனை தூரிகை போதும்?

நான் நாளாந்தம் எடுப்பது ஐந்து: ஓரம் கூரான வட்டம், ஓரம் மிருதுவான வட்டம், கரித்துண்டு போன்ற சொரசொரப்பான ஒன்று, மயிர்த் தூரிகை, அந்தந்தப் படத்தின் மணல் தூரிகை. நிறத்தைத் தேய்த்துக் கலக்கும் ஸ்மட்ஜ் வகையை முகத்தில் தொடுவதேயில்லை. அது எந்த மனிதரையும் மெழுகுப் பொம்மையாக்கிவிடும்.

இறக்குமதி செய்த தூரிகைகளில் பயிற்சி எடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். பிரான்ஸ் நாட்டு ஓவியர் டேவிட் ரெவோய் தன் கிரித்தாத் தூரிகைகளை இலவசமாகவே தருகிறார். கைல் வெப்ஸ்ரரின் தூரிகைகளை அடோபி நிறுவனம் 2017இல் வாங்கித் தன் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. ஒவ்வொன்றையும் திறந்து, அதன் அமைப்பைப் பார்ப்பது நல்ல படிப்பு. ஆனால் ஃபோட்டோஷொப்பின் ஏபிஆர் கோப்பைக் கிரித்தாவில் ஏற்றினால் முனையின் உருவம் மட்டுமே வரும். அழுத்தம், சிதறல் போன்ற கட்டளைகள் வராது. அவற்றை நாமே மீண்டும் கொடுக்க வேண்டும். புரோகிரியேற் ஏபிஆரை நேரடியாகவே ஏற்கும். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரின் பிள்ளைகள் ஐபாட்டில் வரைபவர்களானால், அவர்களோடு முனைகளைப் பரிமாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஃபோட்டோஷொப்பிலும் கிரித்தாவிலும் முனைப் படத்தின் கறுப்புத்தான் நிறம் பூசும். புரோகிரியேற்றில் வெள்ளை பூசும். ஆகவே அனுப்பும் முன்னர் படத்தைத் தலைகீழ் நிறமாக்க வேண்டும்.

வரையக் கூடாத இடம்

ஒரு கண் முழுதாக அழிந்திருந்தால் மற்றக் கண்ணைப் பிரதி எடுத்துத் திருப்பி வைப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. எவருடைய முகமும் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த வேறுபாட்டைத்தான் தாய் தேடுகிறாள். வீட்டில் உடன்பிறந்தவர்களின் படம் இருக்கிறதா என்று கேட்பேன். அருகே யாரையாவது இருத்தி, "இமை இன்னும் கீழே," "இல்லை, அவனுக்கு இப்படி இல்லை" என்று சொல்லச் சொல்லத் திருத்துவேன். அப்போதும் உறுதியில்லாத இடத்தை நிழலாக விட்டுவிடுவேன்; கரித்துண்டுத் தூரிகை அதற்குத்தான். கைத்தொலைபேசிச் செயலிகள் மங்கிய முகத்தை ஒரு நொடியில் கூர்மையாக்கித் தருகின்றன. அவை வேறு முகங்களில் படித்த கண்ணையும் பல்லையும் கொண்டுவந்து பொருத்துகின்றன. படம் அழகாக இருக்கும், ஆள் வேறு.

இது உணர்வு பற்றிய விடயம் மட்டுமல்ல. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் போராட்டத்தில் ஏந்தப்படும் படங்களில் பல, வெயிலில் வெளிறி மீண்டும் மீண்டும் அச்சடிக்கப்பட்டவை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு விசாரணைக்கோ கொடுக்கும் படம் ஒரு சான்று. அங்கே தூரிகை பட்ட படத்தை மூலப்படமாகக் கொடுக்கக் கூடாது. ஆகவே தொடாத ஸ்கானை முதல் லேயராகப் பூட்டி வைத்து, வரைந்தது எல்லாவற்றையும் தனி லேயர்களில் வைக்கிறேன். குடும்பத்துக்கு இரண்டு கோப்புகள் கொடுப்பேன்: ஒன்றின் பெயரில் 'மூலம்' என்றும் மற்றதில் 'வரைந்தது' என்றும் இருக்கும். ஒட்டிய படத்தை வீட்டில் பிரிக்க முயல வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புவேன். எவ்வளவு சிதைந்தாலும் அந்தத் தாளை எறியவும் கூடாது.

அச்சுக்குப் போகும் முன்னர் ஒரு சோதனை செய்யுங்கள். 8க்கு 12 அங்குலப் படம் 300 டிபிஐயில் 2400க்கு 3600 பிக்சல். திரையில் சரியாகத் தெரியும் மணல் அச்சில் சில வேளை காணாமலே போகும், பளபளப்பான தாளில் சில வேளை துருத்தும். முழுப்படத்தையும் அடிக்காமல், நெற்றியும் கண்ணும் வரும் ஒரு துண்டை மட்டும் அதே தாளில் அடித்து, பகல் வெளிச்சத்தில், கை எட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். துருத்தினால் மணல் லேயரின் ஒபாசிற்றியைப் பாதியாகக் குறைத்து இன்னொரு துண்டு அடியுங்கள்.