மயில்ராவணன் வந்த வாசல்

சிறுவயதில் அம்மன் கோயில் கொடைக்குப் பார்த்த தோல்பாவைக்கூத்தில் ஒரு காட்சி மட்டும் இன்றுவரை மங்கவில்லை. வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு. திரையில் அனுமான் தன் வாலைச் சுற்றிச் சுற்றி அடுக்கிக் கோட்டை கட்டிவிட்டான். உள்ளே ராமனும் லட்சுமணனும் உறங்குகிறார்கள், வாசலில் அனுமானே காவல். பாதாளத்து மயில்ராவணன் இன்றிரவு வருவான், எந்த உருவத்திலும் வருவான் என்று எச்சரித்துவிட்டுப் போனவன் விபீஷணன். கொஞ்ச நேரத்தில் விபீஷணன் மறுபடி வருகிறான். உள்ளே போய் ரட்சை கட்டிவிட்டு வருகிறேன் என்கிறான். அனுமான் வாலை விலக்கி வழி விடுகிறான். வந்தவன் மயில்ராவணன்.

பிள்ளைகள் நாங்கள் திரையைப் பார்த்துக் கத்தினோம். பாட்டா என்னைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "சும்ம இரி மக்கா, அனுமாருக்குக் கேக்காது." அந்தக் கோபத்தில் நான் அன்று கவனிக்காமல் விட்ட ஒன்று பிற்பாடுதான் உறைத்தது. மாறுவேடத்தில் வந்தவனுக்கென்று கூத்துக்காரர் தனிப் பாவை எடுக்கவில்லை. முன்பு வந்துபோன அதே விபீஷணன் பாவையைத்தான் எடுத்து ஆட்டினார். கொம்பு, கிரீடம், கைவீச்சு எல்லாம் ஒன்று. குரலில் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. திரைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அது போதும். வாசலில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கதை வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. ஊர்ஊராய்ப் பாவைக்கட்டு சுமந்தவர்களும் கதை கேட்டு விடிய விடிய இருந்தவர்களும் சேர்ந்து வளர்த்த மாயக்கதை. விமர்சகர்கள் இப்போது இந்த வகையை மிகுபுனைவு என்கிறார்கள். இதில் இன்றைய போர்க்கலைக்கு என்ன வேலை என்று கேட்டால், இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை.

மேல்நாட்டில் இந்தக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். 'ஸ்டார் வார்ஸ்' கதையை வைத்துத் தற்காலப் போரை விளக்கும் கட்டுரைத் தொகுப்பு ஒன்று 2018-ல் வந்தது. அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் கற்பனைக் கண்டமான வெஸ்டெரோஸை எடுத்துக்கொண்டு 'வின்னிங் வெஸ்டெரோஸ்' வந்தது. எழுதியவர்களில் பலர் சீருடை அணிந்தவர்கள். பிரான்சின் பாதுகாப்பு அமைச்சகம் 2020-ல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைக் கூட்டி 'ரெட் டீம்' என்று ஒரு குழுவே அமைத்தது. நம் படை அதிகாரிகள் யோசிக்காத ஆபத்தை நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்பதுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படையை எப்படி நிறுத்துவது என்பதை மாயக்கதையிடம் கற்கப் போகிறவன் ஏமாறுவான். அதே வெஸ்டெரோஸ் கதையான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் 2019-ல் வந்த விண்டர்ஃபெல் போரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கும்மிருட்டில், எதிரி எங்கே நிற்கிறான் என்றுகூடத் தெரியாமல், இருக்கிற குதிரைப்படை முழுவதையும் முதலில் அனுப்பி அழிக்கிறார்கள். கல்லெறி பொறிகளைக் கோட்டைக்கு வெளியே, காலாட்படைக்கும் முன்னால் நிறுத்துகிறார்கள். உதயகிரியில் திருவிதாங்கூர் வீரர்களைப் பழக்கிய டிலனாய் பார்த்திருந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். அபிமன்யுவின் சக்கரவியூகத்தையும் நான் இங்கே எடுக்கவில்லை. உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத படைகளைப் பற்றி எழுதுகிற எல்லாரும் அதை எடுத்துத் தேய்த்துவிட்டார்கள்.

மாயக்கதை செய்கிற காரியம் வேறு. 'இது நடக்காது' என்று நாம் முடித்துவைத்த இடத்துக்கே கதை நம்மை மறுபடி இழுத்துக்கொண்டு போகிறது. காவல்காரன் உறங்குவது பலவீனமான வாசலில் அல்ல. அங்கே அவன் விழித்துத்தான் இருப்பான். இங்கே யாரும் வரமாட்டார்கள் என்று அவன் உறுதியாக நம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. உறக்கம் அங்கேதான்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெஸ்டெரோஸ் போக வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழி போதும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வரும் கணவாய் அது. இன்று காற்றாலைகள் சுழலும் அந்த இடைவெளியை அடைத்துத் திருவிதாங்கூர் கோட்டை இருந்தது. மலைக்கு மலை ஏறக்குறைய 2 மைல் நீளத்துக்கு மதில், இடையிடையே பீரங்கி ஏற்றிய கொத்தளங்கள், வெளியே அடர்ந்த முள்வேலி. பெருவழியில் வருகிற எவனையும் சுட்டுப் பொசுக்கலாம். 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்த கர்னல் செயிண்ட் லெஜரின் கம்பெனிப் படை இந்த மதிலுக்கு முன்னால் வந்து நின்றது. தளவாய் நம் கல்குளம் பகுதியில் தலக்குளத்துக்காரர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கம்பெனிப் படை பெருவழியில் மோதவில்லை. மேஜர் ஜேம்ஸ் வெல்ஷ் ஒரு சிறு பிரிவை அழைத்துக்கொண்டு, தெற்குப் பக்கத்துக் குன்றில் இரவோடு இரவாக ஏறினார். பாறையும் புதரும் மண்டிய சரிவு. ஏறக்குறைய 6 மணி நேரம் தவழ்ந்தும் தொற்றியும் போய், விடியுமுன் மதிலின் அடியைத் தொட்டார்கள். ஏணி சாய்த்து உள்ளே இறங்கினார்கள். பிப்ரவரி 10 விடிந்தபோது கோட்டை கைமாறியிருந்தது. பின்னர் நாகர்கோவில் போயிற்று, உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமலே போயின. மண்ணடியில் தளவாய் தன் உயிரை முடித்துக்கொண்டதோடு கதை அடங்கிற்று. வெல்ஷ் தன் ராணுவ நினைவுகளை 1830-ல் லண்டனில் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டார்.

குன்றின் மேல் காவல் இல்லாமல் இல்லை, கொத்தளமும் பீரங்கியும் இருந்தன. ஆனால் அந்தச் சரிவில், அந்த இருட்டில், ஆள் ஏறுவான் என்ற எண்ணம் இல்லை. அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 6 மணி நேரம் உருண்ட கல்லின் சத்தம் ஒருவன் காதிலுமா விழாமல் போகும்?

மார்ட்டினின் கதையிலும் ஒரு மதில் உண்டு. 700 அடி உயரம், முழுக்கப் பனிக்கட்டி. அதன் நெடுகிலும் 19 கோட்டைகள், ஆள் இருப்பது 3-ல் மட்டும். இந்த உயரத்தை யார் ஏறப் போகிறார்கள் என்ற நிம்மதி. வடக்கத்திக் காட்டு மக்கள் இரும்பு ஆணி அடித்து ஏறிவிடுகிறார்கள். அந்த நாவல் 2000-ல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கார்கில். பனிக்காலத்தில் அந்த உயரத்தில் யார் வரப் போகிறார்கள் என்று ஆளில்லாமல் விடப்பட்ட சிகரங்களில் பாகிஸ்தான் படை வந்து உட்கார்ந்திருந்ததை, 1999 மே மாதத் தொடக்கத்தில் முதலில் பார்த்துச் சொன்னவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். பின்னால் விசாரித்த குழுவுக்குத் தலைவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அரசுக்கும் படைக்கும் உளவுத் துறைக்கும் அது முழு அதிர்ச்சியாக வந்தது என்று அந்தக் குழு எழுதிற்று. அதே ஆண்டு ஜூலையில் டைகர் ஹில்லை மீட்ட கிரனேடியர்ஸ் வீரர்கள், எதிரி எதிர்பார்க்காத செங்குத்துப் பக்கமாகக் கயிறு கட்டி இரவில் ஏறினார்கள். வெல்ஷ் செய்ததையே நம்மவர்கள் செய்தார்கள் என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த அமெரிக்க ஆணையம் 2004-ல் தன் அறிக்கையில் பட்டியலிட்ட தோல்விகளில் முதலாவது, கற்பனையின் தோல்வி. ஒரு அரசாங்க அறிக்கையில் 'கற்பனை' என்ற சொல் கவிஞர்களைத் திட்டுவதற்கல்லாமல் வேறு காரியத்துக்கு வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதன் மறுபக்கம் குளச்சலில் இருக்கிறது. இருப்பதை இல்லையென்று நம்பினால் ஆரல்வாய்மொழி, இல்லாததை இருக்கிறதென்று நம்பினால் குளச்சல். 1741 ஆகஸ்ட் 10 அன்று மார்த்தாண்டவர்மா டச்சுக்காரரை வென்ற கதையில் எங்கள் ஊர் வழக்கு ஒன்று உண்டு. பனந்தடிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கடலைப் பார்க்க நிறுத்தினார்களாம். முக்குவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு அது பீரங்கியும் படையும். ஆவணம் கேட்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள், ஏற்க வேண்டியதும் இல்லை. ஆனால் 2022-ல் உக்ரைன் படையினர் ஹைமார்ஸ் ஏவுகணை வண்டிபோல மரத்தில் பொம்மை செய்து நிறுத்த, ரஷ்யா அவற்றின்மேல் விலையுயர்ந்த காலிபர் ஏவுகணைகளைச் செலவழித்தது என்று செய்தி வந்தபோது, குளச்சலில் யாரும் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்கள். பனந்தடிக்கும் அந்த மரத்துக்கும் வயது வித்தியாசம் 281 ஆண்டு.

மயில்ராவணனுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் மூன்றிலும் ஆழமான கதை அதுதான். அனுமான் சோம்பேறி அல்ல, உறங்கவும் இல்லை. எச்சரிக்கையும் சரியான நேரத்தில் வந்தது. ஆனாலும் கோட்டை போனதற்குக் காரணம், எச்சரிக்கை சொன்னவனின் முகமே நுழைவுச்சீட்டாக இருந்தது. எந்தக் காவலுக்கும் உள்ளே விட வேண்டியவர் என்று சிலர் இருப்பார்கள். எதிரி அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு வருகிறான். 2025 ஜூன் 1 அன்று ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய உக்ரைன் ட்ரோன்கள் எல்லையைக் கடந்து பறந்து வரவில்லை. மரக்கூடு ஏற்றிய சாதாரண லாரிகளில், ரஷ்யாவின் சொந்தச் சாலைகளில், தளங்களுக்கு அருகே போய் நின்றன. கூரை திறந்தது, ட்ரோன்கள் எழுந்தன. 117 என்று உக்ரைன் கணக்குச் சொன்னது. தாக்கப்பட்டவற்றில் பெலாயா தளம் உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால். வானத்தைப் பார்த்து அமைத்த காவல் அத்தனையும், உள்ளே விடப்பட்ட லாரிக்கு முன்னால் அனுமான் வால்தான். இன்று நம் கைபேசிக்கு 'போலீஸ் பேசுகிறோம், வங்கியிலிருந்து பேசுகிறோம்' என்று வருகிறவனும் ரட்சை கட்டத்தான் வருகிறான்.

நம் தெக்கன் பாட்டுகளில் பழையவற்றுள் ஒன்றான இரவிக்குட்டிப்பிள்ளை கதையிலும் இதன் சாயல் உண்டு. 1635-ல் கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்டவர் அவர். பாட்டில் வீட்டுப் பெண்கள் கெட்ட கனவு கண்டு போகாதே என்கிறார்கள். அவர் போகிறார், கூட இருந்தவர்கள் கைவிடுகிறார்கள். எச்சரிக்கையைக் கனவாக வைத்த பாட்டுக்காரனை மூடநம்பிக்கைக்காரன் என்று தள்ளலாம். வந்த எச்சரிக்கையை மதிக்காமல் விட்ட தளபதிகளின் பட்டியல் கையில் இருப்பவன் அப்படித் தள்ளமாட்டான்.

இந்திய ராணுவம் 2023-ல் 'உத்பவ்' என்ற திட்டத்தைத் தொடங்கி அர்த்தசாஸ்திரம், காமந்தகரின் நீதிசாரம், திருக்குறள் ஆகியவற்றில் போரறிவு தேடுகிறது. நல்ல காரியம். ஆனால் அவை அறிவுரை நூல்கள், அரசன் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்பவை. மாயக்கதையில் ராட்சசன் இருக்கிறான், அவன் பக்கம் நின்று யோசித்தால்தான் கதை நகரும். படைக் கல்லூரியில் குறளுக்குப் பக்கத்தில் மயில்ராவணனுக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம் என்பது என் கருத்து. பாவைக்கூத்து ஆடுகிற குடும்பங்கள் நம் குமரி மாவட்டத்தில் அருகிவிட்டன. ஒரு ராத்திரிக் கூத்துக்கு வகை செய்ய விழாக் குழுக்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த மலர் வெளிவருவது குமரி தமிழகத்தோடு சேர்ந்த 1956 நவம்பர் 1 இணைப்பை நினைத்து. அன்றோடு ஆரல்வாய்மொழி வெறும் மாவட்ட எல்லையாயிற்று. திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் முப்பந்தல் இசக்கிக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கணவாய்க்குள் நுழையும்போது இடதுபக்கம் பாருங்கள். வெல்ஷின் ஆட்கள் ஏறியது அந்தப் பக்கம்தான்.