சீருடையும் கவிதையும்: ஜொகூரின் உஸ்மான் அவாங்

சிகாமட்டிலிருந்து லாபிஸ், யோங் பெங், ஆயர் ஹீத்தாம் வழியாக ஜொகூர் பாரு செல்லும் பழைய நெடுஞ்சாலையை ஒட்டிய ரப்பர்த் தோட்டங்களும் காடுகளும், மலாயாக் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 1948 முதல் 1960 வரை நடந்த, ‘அவசரகாலம்’ என்று அரசு பெயரிட்ட போரின் கடுமையான களங்களுள் அடங்கும். காட்டோரம் வாழ்ந்தோர் கெரில்லாக்களுக்கு அரிசி தருவதைத் தடுக்க, 1950இல் வகுத்த பிரிக்ஸ் திட்டப்படி மலாயா முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட ‘புதுக்கிராமங்களில்’ குடியேற்றப்பட்டனர். அரசின் பக்கம் துப்பாக்கி ஏந்திய காவலர்களில் பெரும்பாலோர் ஏழை மலாய் இளைஞர்கள். அவர்களின் மனத்தை நாவலாக்கியவர் உஸ்மான் அவாங்.

1929இல் கோத்தா திங்கி வட்டாரத்தில் பிறந்து, மலாய்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை முடித்த அவர், ஜப்பானியர் ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு ஆளாகி, 1946 முதல் 1951 வரை காவல் துறையில் பணிபுரிந்தார். அவ்வனுபவத்திலிருந்து பிறந்த ‘துலாங்-துலாங் பெர்செராக்கான்’ (சிதறிய எலும்புகள்) 1966இல் வெளிவந்தது. லேமான் என்னும் இளங்காவலன், தான் யாருக்காகச் சுடுகிறோம் என்று ஐயுறுவதே அதன் உயிர்நாடி. கதைக்கட்டில் தளர்ச்சி உண்டு. கவிதைகளின் செறிவு இதில் இல்லை. ஆயினும் அவசரகாலத்தைச் சீருடைக்குள்ளிருந்து பார்த்த சாட்சியமாக அதற்கு நிகரானவை மலாயில் அரிது.

சீருடையைக் களைந்தபின் சிங்கப்பூரில் ‘உத்துசான் மெலாயு’ நாளிதழில் சேர்ந்து, இலக்கியம் மக்களுக்கே என்று முழங்கிய ‘ஆசாஸ் 50’ எழுத்தாளர் இயக்கத்தில் ஈடுபட்டார். மலாய் மரபுக்கதையில் அரசனுக்குப் பணிந்த ஹாங் துவாவை விடுத்து, அநீதி கண்டு எதிர்த்த ஜெபாத்தை வீரனாக்கி அவர் எழுதிய நாடகமும், அந்நாளிதழின் சுதந்திரத்துக்காக ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் அவர் நின்றதும் ஒரே ஆண்டில், 1961இல், நிகழ்ந்தவை. பணிவைவிட நியாயம் பெரிது என்ற எண்ணம் காவல் பணியிலேயே வேரூன்றியிருக்க வேண்டும். 1963இல் மொழி வளர்ச்சிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாக்காவில் சேர்ந்தார். 1983இல் ‘தேசிய இலக்கியவாதி’ விருது பெற்றார்.

தமிழர் அறிய வேண்டிய கவிதை, இந்திய வம்சாவளி மருத்துவரும் தொழிற்கட்சித் தலைவருமான எம்.கே. ராஜகுமாருக்கு அவர் எழுதிய ‘சஹாபாத்கு’ (என் நண்பன்). இனவேலிகள் இன்னும் விழாததை எண்ணி வருந்தும் அக்கவிதை, வேலிகளைக் காவல் காத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரின் குரல். 2001 நவம்பர் 29இல் உஸ்மான் அவாங் மறைந்தார்.